திருச்சிராப்பள்ளி – பலாலி: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையத்துக்கும், இலங்கையின் வட முனையில் யாழ்ப்பாண நகரிலிருந்து 16 கி.மீ. வடக்கே அமைந்துள்ள பலாலி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட பெருவட்டத் தொலைவு, அதாவது புவியின் வளைந்த பரப்பின் மீது அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவு, ஏறத்தாழ 184 கி.மீ. ஆகும். இந்த நேர்வழி தென்கிழக்காகச் சென்று, பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கமாகக் கடலைத் தொட்டு, பாக்கு நீரிணையைக் கடந்து பலாலி அமைந்த வலிகாமப் பகுதியை அடைகிறது. சென்னையிலிருந்து பலாலிக்கான நேர்த்தொலைவு ஏறத்தாழ 355 கி.மீ.; ஆகவே யாழ்ப்பாணத்தாருக்குச் சென்னையை விடத் திருச்சியே அண்மையான பெருநகர்.

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரச வான்படையால் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது பொதுப்பயன்பாட்டுக்கு வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அக்காலத்தில் குறிக்கப்பட்ட இத்தளத்தில் இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. இலங்கை விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஏர் சிலோனின் முதல் வணிக விமானமே வடக்கைத் தொட்டுத் தமிழகம் வந்தது என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பின்னர் திருச்சிக்கும் இச்சேவை விரிந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பல் 1964ஆம் ஆண்டுப் புயலோடு நின்றுபோனபின், இரு கரைகளையும் விரைவாக இணைத்த வழி இதுவே. 1970களின் இறுதியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலி படைத்தளமாயிற்று, சுற்றுப்புற ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர்.

அதன்பின் கடலுக்கு அப்பால் அண்மையில் இருந்த யாழ்ப்பாணத்துக்குச் செல்ல, திருச்சியிலிருந்து 400 கி.மீ.க்கும் மேல் தெற்கே, கொழும்பை அடுத்த கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பறந்து, அங்கிருந்து ஏழெட்டு மணி நேரம் வடக்கு நோக்கித் தரைவழியாகத் திரும்பி வரவேண்டியதாயிற்று. போரின்போது நெடுங்காலம் யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 சாலையும் அடைபட்டிருந்ததால் அந்த வழியும் நம்பத்தக்கதாக இல்லை.

பயண நேரத்தைக் கணிக்கும்போது தொலைவை வேகத்தால் வகுப்பது மட்டும் போதாது. மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 சுழல்விசிறி விமானம் 184 கி.மீ.யை 22 நிமிடங்களில் கடக்க இயலும்; ஆனால் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து ஓடுதளம் சேர்வது, மேலேறுவது, இறங்குவது, மீண்டும் நிறுத்துமிடம் சேர்வது ஆகிய அனைத்தும் அட்டவணை நேரத்தில் அடங்குவதால், குறுந்தொலைவுப் பயணங்களில் நேர்மட்டப் பறப்பைவிட இவற்றுக்கே மிகுந்த நேரம் செல்கிறது. இரு நாடுகளின் கடிகாரங்களும் 2006 ஏப்ரல் முதல் ஒரே நேரத்தைக் காட்டுவதால், அட்டவணையைப் படிப்பதில் குழப்பமில்லை. 1996க்கும் 2006க்கும் இடையில் இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு முந்தியிருந்தது.

பலாலி 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் என்ற புதுப்பெயருடன் திறக்கப்பட்டது. மக்கள் வழக்கில் நிலைத்த பலாலி என்ற பெயரே பொருத்தமானது. சென்னைச் சேவை அவ்வாண்டு நவம்பரில் தொடங்கி, பெருந்தொற்றால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. திருச்சியிலிருந்து நேரடிச் சேவையை இண்டிகோ நிறுவனம் 2025 மார்ச் 30 அன்று தொடங்கியது. அட்டவணைப்படி பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி.