ரே சார்ல்ஸின் இசைத்தட்டும் நிறம் பார்த்த பட்டியல்களும்

அமெரிக்காவில் 1920-களில் இசைத்தட்டு வாணிகம் தழைத்தபோதே, பாட்டைக் கேட்குமுன் பாடுபவரின் நிறத்தைப் பார்க்கும் வழக்கமும் அதனுடன் வளர்ந்தது. தென்மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருவரிடமிருந்து ஒருவர் பாட்டுக் கற்றவர்களே. ஆயினும் கறுப்பர் பாடியவை 'ரேஸ்' தட்டுகள் என்றும், வெள்ளைக் குடியானவர் பாடியவை 'ஹில்பில்லி' தட்டுகள் என்றும் தனித்தனி வரிசைகளில் விற்கப்பட்டன. 'பில்போர்டு' என்னும் வாணிக வார இதழ், 1949-ல் தன் விற்பனைப் பட்டியல்களுக்கு 'ரிதம் அண்ட் புளூஸ்', 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று புதுப்பெயர் சூட்டியது. பெயர்தான் புதிது, நடுவிலிருந்த சுவர் பழையதே.

அச்சுவரின் இருபுறமும் கேட்டு வளர்ந்தவர் ரே சார்ல்ஸ். 1930-ல் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில் பிறந்து, புளோரிடாவில் வறுமையிற் வளர்ந்தவர். ஏழு வயதளவில் பார்வையை முற்றும் இழந்தார். செயின்ட் அகஸ்டினில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அப்பள்ளியிலும் கறுப்புப் பிள்ளைகள் வேறு, வெள்ளைப் பிள்ளைகள் வேறு! நிறம் இன்னதென்றே காண இயலாத குழந்தைகளை நிறங்கொண்டு பிரித்த கல்விமுறையை என்னென்பது? அங்கே பிரெயில் எழுத்தில் இசைக்குறிகளைத் தடவிப் படித்துப் பியானோ பயின்றார். சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்னும் கன்ட்ரி இசை நிகழ்ச்சியைக் கேட்பார். இளமையில் வெள்ளையர் நடத்திய கன்ட்ரி இசைக்குழு ஒன்றிலும் வாசித்தார். எனவே, பின்னாளில் அவர் கன்ட்ரி பாட்டுகளைப் பாடியது வாணிகத் தந்திரம் அன்று.

தேவாலயப் பாட்டின் உருக்கத்தை உலகியற் காதற்பாட்டில் ஏற்றி, 'சோல்' எனப்படும் இசைவகைக்கு வழிகாட்டியவர்களுள் அவர் தலையாயவர். 1959-ல் ஏபிசி பாரமவுண்ட் நிறுவனத்தில் சேர்ந்தபோது, தம் மூல ஒலிப்பதிவுகளின் உரிமை தமக்கே சேருமாறு ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்நாளில் வெள்ளைப் பாடகருக்கும் எளிதில் கிட்டாத சலுகை அது. எதைப் பாடுவதென்று தாமே முடிவுசெய்யும் வலிமை அவருக்கு இருந்தது.

1962 பிப்ரவரியில் பன்னிரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தார். 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்' என்பது தட்டின் பெயர். இருக்கும் ரசிகரையும் இழக்க நேருமோ என்று நிறுவனத்தார் அஞ்சினர்; அவர் இணங்கவில்லை. நியூயார்க்கில் பித்தளைக் குழல்கள் முழங்கும் பெரிய வாத்தியக்குழு; ஹாலிவுட்டில் நரம்பிசையும் கூட்டுப்பாடகரும். கூட்டுப்பாடகரின் குரல் சில இடங்களில் தேன் மிகுந்த பாயசம்போல் திகட்டத்தான் செய்கிறது. ஆனால் அந்த இனிப்பினூடே, அவர்களுக்கு அரைக்கணம் பிந்தி எழும் ரே சார்ல்ஸின் கரகரத்த குரலில் துயரம் தனித்து நிற்கிறது.

டான் கிப்சன் இயற்றிய 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' பதினோராவது பாட்டு. தயாரிப்பாளர் சிட் ஃபெல்லர் அதைக் கடைசிப் பக்கம் ஒதுக்கியிருந்தார். டாப் ஹன்டர் என்பவர் அதே அமைப்பைப் பின்பற்றித் தட்டு வெளியிடவே, நிறுவனம் விழித்துக்கொண்டு, நீளத்தைக் குறைத்துத் தனித்தட்டாக விரைந்து வெளியிட்டது. அது பொதுப் பட்டியலில் ஐந்து வாரமும், ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் பத்து வாரமும் முதலிடத்தில் நின்றது. முழுத்தட்டோ பொதுப் பட்டியலின் உச்சியில் பதினான்கு வாரம் இருந்தது.

கன்ட்ரி பட்டியலில் மட்டும் அப்பாட்டுக்கு இடமில்லை. 1958-ல் கிப்சன் பாடியபோது அதே பட்டியலில் ஏறிய அதே பாட்டுத்தான்! சொல் மாறவில்லை; பாடியவர் மாறினார்.

வில்லி நெல்சனுடன் சேர்ந்து பாடிய 'செவன் ஸ்பானிஷ் ஏஞ்சல்ஸ்' வழியாக 1985-ல் ரே சார்ல்ஸ் அப்பட்டியலின் முதலிடத்தை அடைந்தார். 2004-ல் காலமானார். நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2022-ல்.