தேரும் சுவரும்

தேர் பின்னோக்கி ஓடாது. முன்னோக்கியே சென்று, புறப்பட்ட இடம் வந்து சேரவேண்டும். திருவண்ணாமலையில் தேரடித் தெருவும், திருவூடல் தெருவும், பேகோபுரத் தெருவும், பெரிய தெருவும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பது அதனால்தான். ஆண்டவனுக்காக அமைத்த தெரு என்பர் பக்தர். மரச்சக்கரத்துக்காக அமைத்த தெரு என்போம் நாம்! எதற்காக அமைத்தாலும் பயன் நல்லதே. ஒரு தெரு அடைபட்டால் மறுதெருவால் போகலாம்.

பழைமையைப் பாராட்டிவிட்டோமென்று வைதிகர் மகிழவேண்டா. இணைந்த தெருவெல்லாம் திறந்த தெருவாக இருந்ததில்லை. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் பெரியார் சிறை புகுந்தார். 1925-இல் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு அன்றும் திறக்கவில்லை. அங்கே தடுத்தது சாதி. இன்று தடுப்பது எது?

ரமணாசிரமம் பகுதிக்கு வாருங்கள். கோயிலுக்குத் தென்மேற்கே, செங்கம் சாலையில், 2 கிலோமீட்டர் தொலைவு. 1922-இல் மலையடிவாரத்தில், ஊருக்கு வெளியே தோன்றியது ஆசிரமம். 1950-இல் ரமணர் மறைந்தார்; ஊரோ வளர்ந்தது. 1989-இல் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையில் 2011-இல் 1,45,278 பேர். 2024-இல் அது மாநகராட்சி.

மலை வழிவிடாது, மலைமீது நமக்குச் சினமில்லை. ஆனால், வயலை மனையாக்கி விற்பவர் தம் வேலி வரையில் தெரு போடுகிறார். பக்கத்து வயல்காரர் தம் போக்கில் வேறொன்று போடுகிறார். நடுவே சுவர்! கூப்பிடு தொலைவிலுள்ள வீட்டுக்குப் போகவும் பெருஞ்சாலைக்கு வந்து சுற்றவேண்டும். முழுநிலவு இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலக் கூட்டமும் அதே செங்கம் சாலையில்தான். பேறுகாலத்துப் பெண்ணை எவ்வழியே எடுத்துச் செல்வது?

இது நம் ஊர் நோய் மட்டுமன்று. மோட்டாரை நம்பி முட்டுச்சந்துகளைப் பெருக்கிய அமெரிக்கா, 1990-களின் நடுவில்தான் திரும்பத் தொடங்கியது என்று பாரிங்டன்-லீ, மில்லார்டு-பால் என்னும் ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினர். வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவின் அமைப்போ தலைமுறைகளுக்கும் மாறாது.

நம்மிடம் 1971-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் உண்டு. அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவை 2016-இல் உயர்நீதிமன்றம் நிறுத்தியது. 2017-இல் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மனைக்குப் பட்டயம் கிடைக்கும். அதனால் சுவர் இடியுமா? வரைபடத்தில் கையெழுத்திடும் அதிகாரியிடம் இளைஞர்கள் கேட்கட்டும்: அடுத்த வயலும் மனையாகும் நாளில், இந்தத் தெரு எந்தத் தெருவோடு சேரும்?