சப்ரகமுவ தோட்டங்களில் போரின் எச்சம்

இலங்கை உள்நாட்டுப் போரின் (1983–2009) களங்களில் சப்ரகமுவ மாகாணம் இல்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் காவலரண் வரிசையோ ஷெல் வீச்சோ இருந்ததில்லை. ஆயினும் அங்குள்ள மலையகத் தமிழரின் உறவுமுறையிலும் பள்ளித் தேர்விலும் நடையுடையிலும் போர் படிந்திருக்கிறது. போரின் தொடக்கம் 1983 ஜூலை என்பது பாடநூல் வழக்கு. தோட்டத்து முதியவர்களைக் கேட்டால் ‘எழுவத்தேழு கலவரம்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

1977 ஜூலைத் தேர்தலை அடுத்து ஆகஸ்டில் தமிழருக்கெதிராக மூண்ட வன்செயல் தோட்டங்களுக்கும் பரவியது. அதை விசாரிக்க முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனியைக் கொண்டு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டம் நேரடி இலக்காயிற்று. காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் எரிந்தன. காம்பராவில் இருந்த பானை சட்டியை விட்டுவிட்டுக் குடும்பங்கள் தேயிலைச் செடிகளுக்கிடையிலும் காட்டோரத்திலும் ஒளிந்தன. ஆகஸ்ட் 17இல் அரசு அவசரகால நிலையை அறிவித்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஆண்டு என்று 1981ஐ எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு இரத்தினபுரி லயங்கள் எரிந்ததற்கு வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன, இது நியாயமில்லை.

நுவரெலியாவில் தோட்டம் தோட்டத்தைத் தொட்டுக் கிடக்கிறது. சப்ரகமுவவிலோ ஒவ்வொரு தோட்டத்தையும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்துள்ளன. ஓடினால் அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் பெரும்பாலோரின் குடியுரிமையையும் அதன்வழி வாக்கையும் பறித்திருந்ததால் அவர்களுக்காகப் பேச அரசியல்வாதிகளுக்கு அவசியமும் இருக்கவில்லை. வடகிழக்குத் தமிழ்க் கட்சிகளின் தனிநாட்டுக் கோரிக்கையைத் தோட்டத் தொழிலாளரின் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஏற்கவில்லை. அதன் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் அமைச்சராகவே இருந்தார். அடிக்க வந்தவர்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை.

1977க்குப் பின் பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வன்னிக்குப் போயின. டாக்டர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைப் பண்ணைகளில் குடியேற்றியது. ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். பாதுகாப்புத் தேடிப் போன அந்தக் குடும்பங்களைப் போர் அங்கேதான் பிடித்தது. 2009இல் முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்தோருள் அவர்களும் இருந்தனர். வன்னிக்குச் செல்லும் ஏ9 பாதை திறந்தபின் கல்யாணம், கருமாதி என்று போக்குவரவு மீண்டது. சித்தப்பா பிள்ளைகள் சிலர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டதே அப்போதுதான். உறவின் மூன்றாவது கிளை தமிழ்நாட்டுக்குப் போனவர்கள். தோட்டத் தமிழருள் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி (1964) இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிக் காத்திருந்தவர்கள், 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றதும் இலங்கையிலேயே தங்கிப்போனார்கள். அவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

அன்றாட வாழ்வில் அழுத்தமான தடம் மொழியில் இருக்கிறது. உயர்தர வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலைகள் இங்கே குறைவு, விஞ்ஞானப் பிரிவு அதனினும் அரிது. ஆகவே பிள்ளையைப் பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் சேர்க்கும் பெற்றோர் உண்டு. இதை வசதிக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. போர்க்காலத்தில் டவுனுக்குப் போகும் பெண்கள் பொட்டைக் கலைத்துக்கொண்டதும், கொழும்புக் கடைகளில் வேலைக்கு நின்ற தோட்டத்துப் பையன்கள் பொலிஸ் பதிவுக்கு அலைந்ததும் பெற்றோருக்கு மறக்கவில்லை. பஸ்ஸில் சிங்களம், லயத்தில் தமிழ் என்று பிள்ளைகள் இயல்பாக மாறிக்கொள்கிறார்கள். தமிழில் எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தலைமுறையும் உருவாகி வருகிறது.

இன்னொரு கிளர்ச்சியின் சுவடும் இம்மண்ணில் உண்டு. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி வலுவாக மூண்ட மாவட்டங்களில் கேகாலையும் ஒன்று. அக்கட்சி உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. தோட்டத் தொழிலாளரை அந்த விஸ்தரிப்பின் கருவியாக அது சித்திரித்தது. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் அதே ஜே.வி.பி. தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளராக, மலையகத் தமிழரான சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகிப் பிரதி அமைச்சரானார்.