மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்



நாம் வாழும் ஸ்ஃபெர்ராகவால்லோவின் பெயரிலேயே ஒரு வாகனச் செய்தி இருக்கிறது. இத்தாலிய மொழியில் 'ஸ்ஃபெர்ராரே' என்றால் இலாடத்தைக் கழற்றுதல்; 'கவால்லோ' என்றால் குதிரை. முற்காலத்தில் இங்கிருந்த பாதை கல்லும் கரடுமாக இருந்ததால் குதிரைகளின் இலாடம் கழன்று போகும் என்றும், அதனால் இலாடம் அடிப்போர் இங்கே தொழில் செய்தார்கள் என்றும் ஊரார் சொல்வார்கள். பயணம் என்றொன்று இருந்தால், வழியில் பழுது பார்க்கிற ஒரு கையும் இருந்தாக வேண்டும். இம்மாத உரை அப்படிப்பட்ட கைகளைப் பற்றியது.

எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். பழைய ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கி, எஞ்சினைக் கழற்றி, திரும்பப் பூட்டி, 'கார்புராத்தோரே' என்றும் 'மர்மிட்டா' என்றும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். 'இது என்ன வீண் வேலை' என்று வீட்டில் பெரியவர்கள் சலித்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அதே காபரேற்றரை, அதே சைலன்சரை, முற்றிலும் வேறொரு தேவைக்காகத் திருத்திய ஒரு தலைமுறை எங்களிடம் உண்டு. அந்தத் தலைமுறையில் பலர் இன்று இதே பலெர்மோவில் வாழ்கிறார்கள். அவர்கள் செய்ததன் பெறுமதியை அறிய, முதலில் ஓட்டப் பந்தயத்துக்காக ஓர் எஞ்சினை எப்படித் திருத்துகிறார்கள் என்று பார்ப்போம்.

பந்தயக்காரன் செய்யும் வேலை

பலெர்மோவுக்கும் வாகனப் பந்தயத்துக்கும் நீண்ட உறவு உண்டு. இந்நகரின் புளோரியோ குடும்பத்தைச் சேர்ந்த வின்சென்சோ புளோரியோ 1906 மே மாதம் மதோனியே மலைப் பாதைகளில் தொடக்கிய 'தார்கா புளோரியோ' என்ற கார்ப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. நாம் சாந்தா ரொசாலியா அன்னையிடம் நேர்த்திக்கடன் தீர்க்க ஏறுகிற மொந்தே பெல்லெக்ரீனோ மலைப்பாதையும் பந்தயக் கார்கள் ஏறிய பாதைதான்.

மோட்டார் சைக்கிளை வேகத்துக்காகத் திருத்துபவர் பிரதானமாக மூன்று விடயங்களைக் கவனிப்பார். முதலாவது, பிஸ்டன் மேலே வரும்போது எரிபொருளும் காற்றும் கலந்த கலவை எவ்வளவுக்கு நெருக்கப்படுகிறது என்பது. சாதாரண மோட்டார் சைக்கிளில் இது ஏறத்தாழ 9 மடங்கு. இன்றைய ஸ்போர்ட்ஸ் ரகங்களில் 13 மடங்கைத் தொடுகிறது. நெருக்கம் கூடினால் சக்தி கூடும். இரண்டாவது, காபரேற்றரின் ஜெற். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல் என்பதை அந்தச் சிறிய துளைதான் தீர்மானிக்கிறது. மூன்றாவது, பிளக்கில் பொறி விழும் நேரம்.

இவை மூன்றும் சரியாக அமைந்தனவா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. வண்டியை ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். நுனி பிஸ்கற் நிறமாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் எரிபொருள் கூடிவிட்டது. வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை, எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடுகிறது.

இந்த வேலையின் சிறப்புக்கு வரலாற்றில் ஒரு நல்ல உதாரணம் 1978 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்தது. பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் ஒரு சுற்று 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதிப் பந்தயம் ஒன்று உண்டு. 11 ஆண்டுகளாக அங்கே ஓட்டாதிருந்த மைக் ஹெயில்வூட், தமது 38 ஆவது வயதில் திரும்பி வந்தார். அவர் ஓட்டியது இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்து டுகாட்டி. அதை ஆயத்தப்படுத்திய குழு, மஞ்செஸ்டரில் ஸ்டீவ் வின் என்பவர் நடத்திய மோட்டார் சைக்கிள் கடை. எதிரே நின்றது ஹொண்டா என்ற பெரும் நிறுவனத்தின் வண்டி. ஹெயில்வூட் மணிக்குச் சராசரியாக 174 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி வென்றார். ஒரு சிறிய பட்டறையின் கைத்திறன் பெரிய தொழிற்சாலையை வெல்லலாம் என்பதற்கு இன்றும் இந்த வெற்றியைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். அங்கும் சிறிய பட்டறைகள்தான். ஆனால் பரிசுக் கிண்ணம் எதுவும் இருக்கவில்லை.

1990 ஜூனுக்குப் பின்

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. வடக்கே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பொருட்கள் போவதை இலங்கை அரசு தடுத்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று அந்தத் தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றது. வீட்டு விளக்குக்கென மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. பெற்றோல் கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்குப் போத்தல்களில் விற்கப்பட்டது.

நேயர்களில் மூத்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலியை இயக்கி, அன்றைய பி.பி.சி. தமிழோசையின் செய்தியைக் கேட்டவர்கள் அவர்கள். ஒருவர் சுற்ற ஊரே கேட்டது. வானொலி நடத்துகிற நாங்கள் மறக்கக்கூடாத நேயர்கள் அவர்கள்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஹொண்டா ரகங்கள். சி 50, சி 90 ஆகியவற்றோடு எம்.டி. 90 என்ற வண்டியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எம்.டி. 90 ஜப்பானிய அஞ்சல் சேவைக்கென்றே செய்யப்பட்ட வண்டி. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்தபின், 'ரீகண்டிஷன்' வண்டியாக இலங்கைக்கு வந்தது. ஆக, ஒரு தடவை உழைத்து முடித்த வண்டியே எங்களிடம் வந்து இரண்டாம் ஆயுளைத் தொடங்கியது. அந்த இரண்டாம் ஆயுளில்தான் அதற்கு மண்ணெண்ணெய் பருக்கப்பட்டது.

இரண்டு இடைஞ்சல்கள்

மண்ணெண்ணெயில் பெற்றோல் எஞ்சினை ஓட்டுவதில் இரண்டு பெரிய இடைஞ்சல்கள் உண்டு.

ஒன்று, அது இலகுவில் ஆவியாகாது. பெற்றோல் 40 பாகை வெப்பத்துக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 150 பாகை வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினை எத்தனை தரம் உதைத்தாலும் அது மண்ணெண்ணெயில் பற்றாது. இங்கேதான் 'சூப்பி' வந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் போத்தலின் பெயரை எங்கள் சனங்கள் இந்தச் சிறிய பெற்றோல் போத்தலுக்கு வைத்தார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்தால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். சூடு ஏறியபின் தாங்கியில் இருக்கும் மண்ணெண்ணெயில் ஓடும். சூடு ஆறிவிட்டால் மறுபடியும் சூப்பியைத் தேட வேண்டும். ஒரு போத்தல் பெற்றோலை மாதக் கணக்கில் துளித்துளியாகச் செலவழித்தார்கள்.

மற்றது, மண்ணெண்ணெய் நெருக்கத்தைத் தாங்காது. எரிபொருளின் தாங்கும் திறனைக் குறிக்கும் ஒக்டேன் எண் இங்கு பம்பில் விற்கும் பெற்றோலுக்கு 95. விளக்கு மண்ணெண்ணெய்க்கு அது 30 கூட வராது. பொறி விழுந்தவுடன் சீராக எரியாமல், சிலிண்டருக்குள் ஆங்காங்கே தானாக வெடித்துச் சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். அந்தத் தட்டல் தொடர்ந்தால் பிஸ்டன் போய்விடும். இதற்கு உலகெங்கும் தெரிந்த மருந்து நெருக்கத்தைக் குறைப்பதுதான். சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையில் கஸ்கற்றின் தடிப்பைக் கூட்டினால் உள்ளே இடம் பெருகும், நெருக்கம் குறையும். பொறி விழும் நேரத்தையும் சற்றே பிந்தச் செய்ய வேண்டும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பந்தயக்காரன் நெருக்கத்தைக் கூட்டுகிறான், யாழ்ப்பாணத்து மெக்கானிக் குறைக்கிறார். அவன் வேகத்தைத் தேடுகிறான், இவர் வேகத்தைக் கொடுத்து ஓட்டத்தை வாங்குகிறார். திருகப்படும் ஆணிகள் ஒன்றே, திருகும் திசைதான் வேறு. பிளக்கின் நிறத்தைப் பார்த்து எஞ்சினின் நோயைச் சொல்லும் படிப்பும் இருவருக்கும் ஒன்றே.

கொடுத்த விலை

இதை வெறும் சாதனைக் கதையாகச் சொல்லி முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மீதி சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் றிங் தேயும், பிஸ்டன் தேயும், வண்டி இன்னும் அதிகமாகப் புகைக்கும். மாற்றுவதற்குப் புதிய பிளக்கும் கிடைக்காது. கரியைச் சுரண்டி, அரத்தாள் தேய்த்துத் திரும்பப் பூட்ட வேண்டியிருந்தது. பின்னால் வருபவரின் கண்ணை எரிக்கும் அந்தப் புகையையும் நாற்றத்தையும் அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். விளக்குக்கு வந்த எண்ணெய் வண்டிக்குப் போனால், அன்றிரவு பிள்ளையின் படிப்புக்கு வெளிச்சம் குறைந்தது என்பதும் உண்மை.

ஆனாலும் ஓட்டினார்கள். கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மீனையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டுபோக, கிளாலிக் கடலேரியைக் கடந்து தெற்கே போகிறவரைக் கரைவரை கொண்டுபோய் விட, வேறு வழி இருக்கவில்லை. இன்று ஐரோப்பாவில் இருக்கும் எத்தனையோ பேரின் பயணத்தின் முதல் சில மைல்கள் அந்தப் புகைக்குள்தான் தொடங்கின.

1995 அக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் வண்டி ஓட்ட இடமே இருக்கவில்லை. மழையில், சனத்துக்குள் சனமாக, சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் பொதி ஏற்றி உருட்டிச் சென்றார்கள். வன்னியில் தடை 2002 வரை நீடித்தது. போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது, பழைய எஞ்சின்களைத் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றும் வேலை தொடங்கியது. 2006 ஆகஸ்டில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது.

எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல

தட்டுப்பாட்டில் பிறந்த இத்தகைய வித்தைகள் மற்ற நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் செய்யப்பட்ட பெர்கியூசன் உழவு இயந்திரத்தில் 1949 முதல் ஒரு ரகம், பெற்றோலில் ஸ்டார்ட் செய்து சூடேறியதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவு எண்ணெய்க்கு மாற்றும்படி அமைந்தது. வன்னி வயல்களில் நாம் கண்ட மசி பெர்கியூசனின் மூத்த உறவு அது. சூப்பியின் தத்துவத்தைத்தான் அந்தத் தொழிற்சாலையும் கையாண்டது.

இத்தாலியர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல், விறகையும் கரியையும் எரித்து வாயு எடுக்கும் 'கசோஜெனோ' என்ற கொதிகலனை வாகனத்தில் பூட்டி ஓடினார்கள். 1973 டிசம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே இங்கு தடை இருந்தது. உங்கள் பக்கத்து வீட்டு முதியவரிடம் இதைப்பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லி முடித்ததும், எங்கள் கதையை நீங்கள் சொல்லலாம். புரிந்துகொள்வார்.

2022 இல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றது. தெற்கில் உள்ளவர்களுக்குப் புதிதாக இருந்த அந்த இல்லாமை, வடக்கில் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே பழகிய ஒன்று.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை

இதைக் கேட்டுவிட்டு எவரும் தங்கள் வண்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பரீட்சிக்க வேண்டாம். இன்றைய வண்டிகளில் காபரேற்றருக்குப் பதிலாக மின்னணு இன்ஜெக்ஷனும், புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் உண்டு; அவை கெட்டுப்போகும். அத்துடன் பதிவிலுள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவது இத்தாலிய வீதிச் சட்டத்தின் 78 ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. வேகம் வேண்டுமென்றால் அதற்கென்று பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

செய்ய வேண்டியது வேறொன்று. இந்த மண்ணெண்ணெய் வித்தையைப் பழகியவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்லர். அவர்கள் குறிப்புப் புத்தகமும் எழுதவில்லை. எந்த ஜெற்றை எவ்வளவு மாற்றினார்கள், கஸ்கற்றுக்கு எதை வெட்டிப் போட்டார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒயில் மாற்றினார்கள் என்பதெல்லாம் அவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அந்தக் கைகளில் சில இன்று பலெர்மோவின் வீடுகளில் துடைத்தும் பெருக்கியும் பிழைக்கின்றன. சில கைகள் ஓய்ந்துவிட்டன.

ஆகவே, வீட்டில் எஞ்சினைக் கழற்றிப் போட்டிருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, அடுத்த ஞாயிறு அப்பாவையோ மாமாவையோ சித்தப்பாவையோ பக்கத்தில் கூப்பிட்டு ஒரு பிளக்கைக் கையில் கொடுங்கள். நிறத்தைப் பார்த்து அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, ஆண்டையும் ஊரையும் வண்டியின் பெயரையும் சேர்த்து எங்களுக்குத் தாருங்கள். எங்கள் வானொலியில் அவற்றுக்கு இடம் உண்டு.