உடலினுள் ஒரு விளக்கு

நீரிழிவு நோயாளரின் சிறுநீர் இனிக்கும் என்பதைப் பண்டைய மருத்துவர்கள் அறிந்திருந்தனர். அவ்வினிப்பு சீனியால் வருவதே என்றும், நோயாளரின் குருதிநீரும் இனிப்புடையதே என்றும் 1776ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் இலிவர்ப்பூல் நகர வைத்தியர் மத்தியூ தொப்சன் ஆவார். பிற்காலத்தில் குருதிச் சீனியை அளக்கும் முறைகள் பல தோன்றின. ஆயினும், குருதியை வெளியே எடுத்தாலன்றி அளவு தெரியவில்லை. ஊசி குத்தாமல் ஒளியினால் அதனை அறியலாகாதா என்ற வினா இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்குத் தடையாய் நின்றது மனிதத் தசையே.

நேயர்களே, இருளில் மின்சூள் ஒன்றை ஏற்றி, அதன் முகத்தை விரல்களால் மூடிப் பாருங்கள். விரல்கள் செக்கச் செவேலென ஒளிரும்; ஆனால் உள்ளிருக்கும் எலும்பின் வடிவம் தெரியாது. இக்காட்சியில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. நீல, பச்சை ஒளிகளைக் குருதியின் ஈமோகுளோபின் பெரிதும் உறிஞ்சிவிடுகின்றது, சிவப்பே மிஞ்சுகின்றது. மிஞ்சும் ஒளியும் நேரே செல்வதில்லை. பாலுக்குள் புகுந்த ஒளிபோல் எங்கும் சிதறுகின்றது. முன்னது உறிஞ்சல், பின்னது சிதறல்.

சிவப்பைக் கடந்த செந்நிறக்கீழ்க் கதிர்களுள் ஒரு பகுதி தசையினுள் ஆழமாய்ச் செல்லவல்லது. அமெரிக்காவின் தியூக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் யொப்சிசு 1977இல் இதனைக் கொண்டு மூளையின் ஒட்சிசன் நிலையை வெளியிலிருந்தே ஆராயலாம் எனக் காட்டினார். ஆனால் குளுக்கோசு ஈமோகுளோபினைப்போல் நிறமுடையதன்று. அதன் மெல்லிய அடையாளம் நீரினதும் கொழுப்பினதும் அடையாளங்களுக்குள் மறைந்துபோகின்றது.

ஆகவே, ஆராய்ச்சியாளர் சிலர் வேறு வழியை நாடினர். தசையினூடே ஒளியைச் செலுத்திப் போராடுவானேன்? விளக்கையே உள்ளே வைத்தால் என்ன? 1982இல் சுல்ற்சு என்பவரும் அவர்தம் துணைவரும், குளுக்கோசின் அளவுக்கேற்ப ஒளிர்வு மாறும் பொருளொன்றை நுண்குழாயில் அடைத்து, ஒளியிழையால் அதனைக் கண்காணிக்கும் உணரியை விவரித்தனர்.

இக்கருத்தின் வழிவந்ததே ‘எவர்சென்சு’ என்னும் கருவி. ஐரோப்பாவில் 2016இலும் அமெரிக்காவில் 2018இலும் அதற்கு அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் நீளமான சிறு உருளை, மேற்கையின் தோலுக்கடியில் வைக்கப்படுகின்றது. அதனுள் எரியும் ஊதாக்கடந்த விளக்கு, புறப்பூச்சிலுள்ள பொருளை ஒளிரச் செய்கின்றது. குளுக்கோசு சேரச் சேர ஒளிர்வு மிகும். அதை உருளையே அளந்து, வானொலி அலையாக மாற்றித் தோலின்மீதுள்ள கருவிக்கு அனுப்புகின்றது. தோலைக் கடந்து வருவது ஒளியன்று, செய்தியே.

எனினும் தசை முற்றாகத் தோற்றுவிடவில்லை. கடும் வெயில் தோலை ஊடுருவி உருளையை எட்டினால், கருவி அளவு காட்டாது நிறுத்தி எச்சரிக்கின்றது. உடல் அந்நியப் பொருளை எதிர்த்து அழற்சி கொள்ளாதிருக்க, உருளையில் மருந்து வளையமொன்றும் பொருத்தப்பட்டுள்ளது. முதலில் 90 நாளே நீடித்த அனுமதி, 2024இல் 365 நாளாக உயர்ந்தது.

தசையின் இயல்பை மறந்தால் நேரும் தீங்கு சிறிதன்று. விரலில் மாட்டி ஒட்சிசனை அளக்கும் கருவி, கருநிறத்தோரிடத்தில் ஆபத்தான குறைவைக் காணத் தவறுவது வெண்ணிறத்தோரிடத்திலும் ஏறக்குறைய மூன்று மடங்கு என 2020இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. தோலைத் துளையாமலே சீனியை அளப்பதாகக் கூறும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பவேண்டாம் என 2024 பெப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலின் ஏற்றுபவர் உயிரிழக்கவும் கூடும். தசையின் இயல்பை அறிந்து அமைத்த கருவியே நோயாளருக்குத் துணையாகும்.