கறுப்புக் கோட்டுக்கு ஏன் விளம்பரம் இல்லை?

வானொலியைத் திருகினால் ஜவுளிக்கடை. டி.வி.யைப் போட்டால் நகைக்கடை. நடுநடுவே மருத்துவமனை, பொறியியல் கல்லூரி, வீட்டுமனை, மூட்டுவலித் தைலம். எல்லோரும் விளம்பரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் இதுவரை வரவில்லை. கவனித்திருக்கிறீர்களா? வக்கீல்!

"விபத்தில் கால் உடைந்ததா? கவலையை விடுங்கள், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லும் விளம்பரத்தை எந்தத் தமிழ்ச் சேனலிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே டி.வி., ரேடியோ, நெடுஞ்சாலைப் பலகை, பஸ்சின் முதுகு என்று எங்கு திரும்பினாலும் வக்கீல் முகம்தான். டி.வி. விளம்பரத்துக்கு மட்டும் அங்குள்ள வக்கீல்கள் வருடத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கிறார்கள்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மார்க்கெட்டிங் வகுப்பில் "விளம்பரம் என்பது நுகர்வோருக்குத் தகவல் தருவது" என்று எழுதிப்போட்டார்கள். அப்படியானால் விளம்பரமே இல்லாத ஒரு தொழிலில் நுகர்வோருக்குத் தகவல் எப்படிப் போய்ச் சேருகிறது? இந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்தவை கீழே.

லிங்கன் கொடுத்த விளம்பரம்

அமெரிக்காவில் ஆதியிலிருந்தே இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 19-ம் நூற்றாண்டில் அங்கே வக்கீல்கள் செய்தித்தாளில் சாதாரணமாக விளம்பரம் கொடுத்தார்கள். ஆபிரகாம் லிங்கனே ஸ்பிரிங்ஃபீல்டில் வக்கீலாக இருந்தபோது தன் பெயரைப் போட்டு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவர்தான்.

பிறகு காற்று மாறியது. இங்கிலாந்தில் வக்கீல் தொழில் கனவான்களின் தொழில். வேலை தேடி வர வேண்டும், வேலையைத் தேடிப் போகக்கூடாது என்பது அங்கே மரபு. அந்த மரபை அமெரிக்க பார் அசோசியேஷன் 1908-ல் தன் நெறிமுறைகளில் எழுதி வைத்தது. அதன்பின் சுமார் 70 ஆண்டுகள் அமெரிக்காவிலும் வக்கீல் விளம்பரம் கிடையாது.

அதை உடைத்தவர்கள் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரத்து இரண்டு இளம் வக்கீல்கள். ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன். இவர்கள் 1974-ல் ஒரு 'லீகல் கிளினிக்' ஆரம்பித்தார்கள். அரசின் இலவச உதவி கிடைக்கும் அளவுக்கு ஏழையும் இல்லை, பெரிய வக்கீலை வைக்கும் அளவுக்குப் பணமும் இல்லை என்ற நடுவாந்திர ஜனங்களுக்காக. பீஸ் குறைவு என்பதால் நிறைய கேஸ் வந்தால்தான் கட்டுப்படியாகும். ஆட்கள் வர வேண்டும் என்றால் விஷயம் தெரிய வேண்டுமே! 1976 பிப்ரவரி 22 அன்று 'அரிசோனா ரிபப்ளிக்' நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். அதில் விலைப்பட்டியலே இருந்தது. இருவரும் சம்மதித்த விவாகரத்துக்கு 175 டாலர், கோர்ட் கட்டணம் 20 டாலர் தனி. ஹோட்டல் மெனு மாதிரி!

பார் சங்கம் நடவடிக்கை எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977 ஜூன் 27 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் வக்கீல்கள் ஜெயித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக்மன். உண்மையான தகவலை மக்களுக்குச் சொல்வதும் பேச்சுரிமைதான், வக்கீல் என்பதற்காக அதை முழுக்கத் தடுக்க முடியாது என்பது சாரம். இங்கிலாந்திலும் 1984-ல் சொலிசிட்டர்களுக்கு விளம்பரக் கதவு திறந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேட்ஸும் ஓஸ்டீனும் போட்டது விலை. இன்று அமெரிக்க டி.வி.யில் வருவது பெரும்பாலும் "ஜெயித்தால்தான் பீஸ்" என்ற வாக்குறுதி. நஷ்டஈட்டில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட வக்கீலுக்குப் போகும். அந்தப் பங்குதான் அடுத்த விளம்பரத்துக்குச் செலவாகிறது. இந்தியாவில் இந்த எஞ்சினே கிடையாது. கேஸின் பலனில் பங்கு பேசுவது தொழில் ஒழுக்கக்கேடு என்று நமது உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது.

நம் ஊர் விதி 36

இந்தியாவில் இந்தத் தடை வெள்ளைக்காரன் காலத்து சரக்கு. பெயர், முகவரி, தொழில் மட்டும் அச்சடித்த ஒரு தபால் கார்டை அனுப்புவதுகூட முறையல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1929-ல் சொன்னது. சுதந்திரத்துக்குப் பின் 1961-ல் வழக்கறிஞர்கள் சட்டம் வந்தது. அதன்கீழ் இந்திய பார் கவுன்சில் 1975-ல் வெளியிட்ட விதிகளில் 36-வது விதிதான் நம் கதாநாயகன் (அல்லது வில்லன்). சுற்றறிக்கை, விளம்பரம், புரோக்கர், நேரில் போய்க் கேட்பது, தான் நடத்தும் கேஸ் பற்றிப் பத்திரிகையில் படம் வரவைப்பது எதுவும் கூடாது. பெயர்ப்பலகைகூட அளவாக இருக்க வேண்டும். "நான் விபத்து கேஸில் கெட்டிக்காரன்" என்று அதில் எழுதக்கூடாது. மீறினால் கண்டனம் முதல் பெயரை நீக்குவது வரை தண்டனை உண்டு.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே 1975-ல் உச்ச நீதிமன்றத்தில் தபோல்கர் வழக்கு முடிவுக்கு வந்தது. பம்பாய் எஸ்பிளனேடு போலீஸ் கோர்ட் வாசலில் சில வக்கீல்கள் காத்து நிற்பார்களாம். ஆள் வந்தால் ஓடிப்போய் மொய்த்துக்கொண்டு, பீஸைக் குறைத்துக் கூவி, தள்ளுமுள்ளு வரை போய் கேஸ் பிடிப்பார்களாம். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல, கேஸ் கட்டு சரக்கும் அல்ல என்பது அவர் நிலை. பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுவது போல கோர்ட்டில் கூப்பிட்டால் யாருக்குத்தான் மரியாதை வரும்?

போபால்: இரண்டு பக்கமும் இடி

இந்தத் தடையின் நியாயத்தையும் அநியாயத்தையும் சேர்த்துக் காட்டிய இடம் போபால். 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு விஷவாயு கசிந்தது. சில நாட்களுக்குள் அமெரிக்க வக்கீல்கள் விமானம் ஏறி வந்து இறங்கினார்கள். விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஓடுபவர்கள் என்று இப்படிப்பட்டவர்களுக்கு அங்கே கேலிப்பெயரே உண்டு. எழுதப்படிக்கத் தெரியாத மக்களிடம் ஆங்கிலக் காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். டிசம்பர் 7-ம் தேதியே அமெரிக்காவில் முதல் வழக்கு பதிவாகிவிட்டது.

இதைப் பார்த்த இந்திய அரசு 1985-ல் ஒரு தனிச்சட்டம் போட்டது. பாதிக்கப்பட்ட அனைவருக்கும் இனி அரசே பிரதிநிதி. 1986-ல் அமெரிக்க நீதிமன்றம் "இந்தியாவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பியது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு சமரசம் முடிந்தது. யாருக்காகப் பேசினார்களோ அவர்களைக் கேட்கவே இல்லை. சமரசத்துக்கு முன் பாதிக்கப்பட்டவர்களின் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே அந்த டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

ஒரு பக்கம் கைநாட்டு வாங்க ஓடிவந்தவர்கள். மறுபக்கம் "உனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றவர்கள். இரண்டிலும் தகவல் தெரியாமல் நின்றவர் ஒரே ஆள்தான்.

போடிமெட்டு ஜீப்

இது ஏதோ தூரத்துக் கதை அல்ல. போடி, தேவாரம், கோம்பை பக்கத்திலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி மலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! பெரும்பாலும் பெண்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் கவிழ்வது எங்களுக்குப் புதிய செய்தி இல்லை.

அப்படி அடிபட்ட ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம்.

ஒன்று, விபத்து கேரளாவில் நடந்திருந்தாலும் நஷ்டஈட்டு வழக்கை அங்கேதான் போட வேண்டும் என்பதில்லை. தான் குடியிருக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவு இதை அனுமதிக்கிறது.

இரண்டு, கெடு. 1994-ல் எடுத்துவிட்ட கெடுவை 2019 திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்றானது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின என்றாலும், தாமதிக்காமல் போடுவதே பத்திரம்.

மூன்று, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அரசு செலவில் வக்கீல் உண்டு. 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-வது பிரிவு. கூப்பிட வேண்டிய எண் 15100.

இந்த மூன்றையும் அவருக்கு யார் சொல்வார்கள்? வக்கீல் சொன்னால் விதி 36 இடிக்கும். போலீஸ் ஸ்டேஷனில் சொல்வார்களா என்பது அவரவர் அதிர்ஷ்டம். கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் புரோக்கர் வருவார். "அக்கா, நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்கார்" என்பார். இதுவும் விளம்பரம்தானே? என்ன, இதில் விலைப்பட்டியல் இருக்காது. கமிஷன் இருக்கும்.

புரோக்கர்களை ஒழிக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1879-ம் ஆண்டு சட்டத்தின்படி புரோக்கர்களின் பெயரைப் பட்டியல் போட்டு கோர்ட்டில் ஒட்டலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்தி, அதே பட்டியல் முறையைச் சேர்த்தார்கள். 3 மாதம் சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 144 வருடம் கழித்தும் அதே வியாதிக்கு அதே மருந்து எழுத வேண்டியிருக்கிறது என்றால், மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

கதவு கொஞ்சம் திறந்தது

2008-ல் பார் கவுன்சில் ஒரு சலுகை கொடுத்தது. வக்கீல்கள் இணையதளம் வைத்துக்கொள்ளலாம். பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு விவரம், படிப்பு, எந்தத் துறையில் வழக்கு நடத்துகிறார் என்பது வரை போடலாம். பீஸ் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை. இந்தச் சலுகையின் ஓரமாக சில தேடல் இணையதளங்கள் வக்கீல்களுக்கு நட்சத்திரம் போட்டு, தரம் பிரித்து விற்க ஆரம்பித்தன. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டித்து, அப்படி விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்க பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

அதே 2024, மே மாதம் இன்னொரு தீர்ப்பு. வக்கீல் சேவையில் குறை என்று நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இது வியாபாரம் அல்ல, தொழில்நெறி சார்ந்த பணி என்பது ஒரு காரணம். ஆக, வாங்குவதற்கு முன் விலை தெரியாது. வாங்கிய பின் நுகர்வோர் என்ற அந்தஸ்தும் கிடையாது. எங்கள் பாடப் புத்தகத்தில் இப்படி ஒரு சந்தைக்கு உதாரணம் கிடையாது :-)

அப்படியானால் என்ன செய்யலாம்?

அமெரிக்கா மாதிரி திறந்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கேயே அது முழுக்க ருசிக்கவில்லை. விபத்து நடந்து 30 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குக் கடிதம் போட்டு கேஸ் கேட்கக்கூடாது என்ற ஃப்ளோரிடா விதியை அவர்களின் உச்ச நீதிமன்றம் 1995-ல் ஏற்றுக்கொண்டது. துக்க வீட்டில் கடை விரிக்காதே என்பதில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

என் கருத்து இதுதான். விதி 36 வக்கீலின் மரியாதையைக் காப்பாற்றட்டும். ஆனால் வக்கீலின் முகத்தை மறைப்பது வேறு, சட்டத்தையே மறைப்பது வேறு. வக்கீல் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்றால், அவர் இடத்தில் வேறு யாராவது பேசியே ஆக வேண்டும். அது புரோக்கராக இருப்பதைவிட அரசாக இருப்பது நல்லது. ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்குச் செய்கிற அளவுக்கு, சட்டப்பணிகள் ஆணைக்குழு 15100 என்ற எண்ணை வருடம் முழுக்கக் கோடைப் பண்பலையில் சொல்ல வேண்டும். போடி ஜீப் ஸ்டாண்டில் தமிழில் எழுதிவைக்க வேண்டும். இன்ன வழக்குக்கு ஏறத்தாழ இன்ன செலவு என்று ஒவ்வொரு கோர்ட் வாசலிலும் பார் கவுன்சிலே ஒரு பலகை வைக்கலாம். அதில் எந்த வக்கீலின் பெயரும் வேண்டாம்.

வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லுங்கள். மற்றவர்கள் அந்த எண்ணை மட்டுமாவது உங்கள் ஊர் ஜீப் டிரைவர் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். காசு ஆகாது, கமிஷனும் கிடையாது.