ஒளிந்த அடையாளமும் ஒளிக்கத் தெரியாத காமிராவும்: ‘தி ஹ்யூமன் ஸ்டெய்ன்’ திரைத் தழுவல் குறித்து

பிலிப் ராத் 2000-இல் வெளியிட்ட ‘தி ஹ்யூமன் ஸ்டெய்ன்’ நாவலை ராபர்ட் பென்டன் 2003-இல் படமாக்கினார். படம் எடுபடாமல் போனதற்குப் பெரும்பாலும் நடிகர் தேர்வையே காரணமாகச் சொல்கிறார்கள். நியூஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை யூதராகவே வாழ்ந்து முடித்த பேராசிரியர் கோல்மன் சில்க்; அந்த வேடத்தில் வேல்ஸ்காரரான ஆண்டனி ஹாப்கின்ஸ். யார் நம்புவார்கள் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் படத்தின் கோளாறு இன்னும் ஆழத்தில் இருக்கிறது. நாவலின் கதைசொல்லியைப் படம் வெறும் நண்பனாக்கிவிட்டது. மற்றச் சறுக்கல்கள் எல்லாம் அதிலிருந்தே தொடங்குகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

கதையின் மையச் சம்பவம் எளியது. மாசசூசெட்ஸின் மலைப்பகுதியில் உள்ள அதீனா என்ற கற்பனைக் கல்லூரியில் சில்க் கிரேக்க, லத்தீன் இலக்கியம் கற்பிக்கிறார். வருகைப்பதிவில் பெயர் இருந்தும் ஒருநாளும் வகுப்புக்கு வராத இரு மாணவர்களைப் பற்றி, இவர்கள் ஆட்களா, ஆவிகளா என்று வேடிக்கையாகக் கேட்கிறார். அவர் பயன்படுத்திய சொல் கறுப்பர்களை இழிவாகக் குறிக்கும் பழைய வசைச்சொல்லும்கூட. வராத இருவரும் கறுப்பர்கள். இனவெறியர் என்ற பழி விழுகிறது. அவர் வேலையை உதறுகிறார். மனைவி ஐரிஸ் இறந்துபோகிறாள். ‘நானும் கறுப்பன்தான்’ என்ற ஒரு வாக்கியம் அவரைக் காப்பாற்றியிருக்கும். அதைச் சொல்ல அவரால் முடியாது.

பிரின்ஸ்டன் சமூகவியலாளர் மெல்வின் டூமினுக்கு 1985-இல் நேர்ந்த அனுபவமே இதற்கு வித்து என்று ராத் 2012-இல் விக்கிப்பீடியாவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் விளக்கினார். கறுப்பின வேரை மறைத்து வாழ்ந்த விமர்சகர் அனடோல் பிராயார்டின் வாழ்க்கையே நாவலாயிற்று என்ற பேச்சை மறுக்கத்தான் அந்தக் கடிதம். தன் கையில் இருந்தது ஒரு சம்பவம் மட்டுமே, மிச்சமெல்லாம் கற்பனை என்று நாவலாசிரியர் மன்றாட வேண்டியிருந்ததை இங்கே கவனிக்கலாம். நாவலுக்குள் கதைசொல்லி நாதன் ஸக்கர்மன் இருப்பதும் இதே நிலையில்தான்.

ஸக்கர்மன் எழுத்தாளர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் தனிமையில் ஒதுங்கி வாழும் முதியவர். சில்க் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு எதுவும் தெரியாது. சில்க்கின் இறுதிச் சடங்குக்கு வந்த தங்கை எர்னஸ்டீன் சொல்லித்தான் தெரிகிறது. ஆனால் வாசகருக்கு அந்த உண்மை நாவலின் இரண்டாம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. அப்படியானால் இளமைக்காலம், குத்துச்சண்டை, கடற்படை, காதல் எல்லாமே ஒரு மனிதர் செத்தபின் இன்னொருவர் உட்கார்ந்து ஊகித்து எழுதியவை. நாவலின் தொடக்கத்தில் சட்டையில்லாமல் நிற்கும் சில்க்கின் தோளருகே நீலநிறத்தில் சின்னதாய் ஒரு நங்கூரப் பச்சைகுத்தலை ஸக்கர்மன் பார்க்கிறார். கடற்படையில் இருந்தவர் என்பதற்கு மேல் அதில் எதுவும் தெரிவதில்லை. பல பக்கங்கள் கழித்துத்தான், நார்ஃபோக்கில் வெள்ளையருக்கான விலைமகளிர் விடுதி ஒன்றில் அடையாளம் தெரிந்து அடித்து வெளியே தள்ளப்பட்ட இரவில் குத்திக்கொண்டது அது என்று அறிகிறோம். அப்போதும் இது ஸக்கர்மன் கட்டியெழுப்பிய இரவு. பச்சைகுத்தல் உண்மை, அதற்குள்ளே இருக்கும் கதை புனைவு. நாவலின் இயக்கம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

காமிரா இந்த இடைவெளியை ஒரே வெட்டில் மூடிவிடுகிறது. முதியவர் முகத்திலிருந்து இளைஞன் முகத்துக்குக் காட்சி மாறினால், ‘இப்படித்தான் நடந்தது’ என்று எடுத்துக்கொள்ள நாம் பழகியிருக்கிறோம். இளைய சில்க்காக வென்ட்வொர்த் மில்லர், தாயாக அன்னா டெவெர் ஸ்மித். இனி உன்னைப் பார்க்க வரமாட்டேன் என்று மகன் சொல்லும் காட்சி படத்திலேயே வலுவானது. இருவரும் சிறப்பாக நடித்திருக்கிறார்கள். நாவலிலோ அந்த அறையில் ஸக்கர்மன் இல்லை, எர்னஸ்டீனும் இல்லை. பேரப்பிள்ளைகளைத் தொட வேறு வழியில்லையென்றால் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரியாக வேறு பெயரில் வந்துபோகிறேன் என்று தாய் கேட்கும் பேச்சும், அந்தத் தாயை நேரில் அறியாத ஒருவரின் கற்பனைதான். இது தெரிந்து படிக்கும்போது வலி குறைவதில்லை; வலியோடு ஒரு சந்தேகமும் சேர்கிறது. படத்தில் வலி மட்டும் மிஞ்சுகிறது.

கதைசொல்லியாக நடித்த கேரி சினிஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு வேலையே கொடுக்கப்படவில்லை. ஹாப்கின்ஸுக்கும் மில்லருக்கும் முகச்சாயல் ஒட்டவில்லை என்ற புகாரையும் இந்தக் கோணத்தில் திருப்பிப் பார்க்கலாம். அந்த இளைஞன் ஸக்கர்மன் கற்பனை செய்த கோல்மன் என்று படம் உணர்த்தியிருந்தால், அந்த ஒட்டாமையே படத்தின் பலமாகியிருக்கும்.

திரைக்கு எளிதில் ஏறாதவையும் உண்டு. ஐரிஸைச் சில்க் மணந்ததற்குக் காரணமாக நாவல் ஊகிப்பது அவளது அடர்ந்து சுருண்ட கூந்தலை. பிறக்கப்போகும் குழந்தைகளின் தலைமுடியைப் பார்த்து யாராவது யோசித்தால், தாயின் முடி விடை சொல்லிவிடும். இந்தக் கொடூரமான கணக்கு எழுத்தில் ஒரு வாக்கியம். திரையில் கூந்தல் வெறும் கூந்தலாகவே இருக்கும்; அதைக் கணக்காக மாற்ற ஸக்கர்மனின் குரல் வேண்டும். 106 நிமிடப் படத்தில் அந்தக் குரலுக்குத் தாராளமாக இடமிருந்தது.

ஒப்பிட ஒரு படம் இருக்கிறது. நெல்லா லார்சனின் ‘பாஸிங்’ (1929) நாவலை ரெபெக்கா ஹால் 2021-இல் கறுப்பு-வெள்ளையில், பழைய சதுரச் சட்டகத்தில் எடுத்தார். வெள்ளைக்காரியாக வாழும் கிளேர், ஹார்லெமில் கறுப்பினப் பெண்ணாக வாழும் ஐரீன் என இரு தோழிகள். ஹாலின் தாய்வழிப் பாட்டனாரும் வெள்ளையராக வாழ்ந்தவரே. 1949-இல் ‘பிங்கி’ படத்தில் வெள்ளை நடிகை ஜீன் கிரெய்னைக் கறுப்பினப் பெண்ணாக நடிக்கவைத்த ஹாலிவுட் வழக்கத்தை ஹால் ஏற்கவில்லை. டெஸ்ஸா தாம்ப்ஸன், ரூத் நெகா இருவருமே கறுப்பின மரபு உடையவர்கள். பார்வையாளருக்கு ரகசியம் எதுவும் இல்லை. விடுதி அறையில் கிளேரின் கணவன், இவள் வருஷா வருஷம் கறுத்துக்கொண்டே போகிறாள் என்று சிரித்துச் சிரித்து மனைவியைக் கேலி செய்கிறான். எதிரே நிற்கும் இருவருமே கறுப்பர்கள் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காமிரா ஐரீனின் முகத்தோடு காத்திருக்கிறது. வண்ணம் நீங்கிவிட்டதால் எல்லோருடைய தோலும் சாம்பல் நிறத்தின் படிகளாகிவிடுகிறது. யார் எந்த இனம் என்று முடிவுகட்ட முனையும் நம் கண்ணே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. முடிவில் கிளேர் ஜன்னலிலிருந்து விழும்போது தள்ளப்பட்டாளா என்பதையும் படம் தீர்த்துவைப்பதில்லை. லார்சனும் தீர்க்கவில்லை.

லார்சனுடையது சிறிய நாவல், ஒரே மனம். ராத்துடையது 361 பக்கம், பல மனங்கள், கிளின்டன் விவகாரம், வியட்நாம் வடு. ஒப்பீடு சரியா என்று கேட்கலாம். அளவில் சரியில்லைதான். ஆனால் இரு நாவல்களுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று: ஒருத்தியை இன்னொருத்தி எவ்வளவு அறிய முடியும், ஒருவரை இன்னொருவர் எவ்வளவு அறிய முடியும் என்பது. ஹால் அந்தச் சிக்கலையே படமாக்கினார். நிக்கோலஸ் மேயரின் திரைக்கதையோ சம்பவங்களை வரிசையாகக் கொண்டுசேர்த்துவிட்டு, அவற்றைச் சொல்பவனை ஓரம்கட்டியது. நடிகர்களை மாற்றி இந்தப் படத்தைத் திருத்த முடியாது. ராத்தின் நாவலை மீண்டும் யாரேனும் திரைக்குக் கொண்டுவந்தால் ஸக்கர்மனுக்கு யார் என்பதை முதலில் முடிவு செய்யட்டும். சில்க்குக்கு நடிகரைப் பிறகு தேடலாம்.